றேணுகாவின் வெறும் கண்ணாடி

றேணுகா சவுந்தரநாயகத்துக்கு என்ன வேலை என்று கொட்டாஞ்சேனையில் அவளுடைய ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் "காந்தம் செய்யிற பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேரால் அவளுக்கு வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. மேல்வீட்டு மெல்ரோய் அங்கிள் தன் ஃபிரிட்ஜ் கதவு ஒட்டவில்லை என்று கூப்பிட்டுக் காட்டினார். மூலைக்கடை பௌஸி நானா, முழங்கால் வலிக்குக் காந்தப் பட்டி நல்லதா என்று கேட்டார். யாருக்கும் அவள் முகம் சுளித்ததில்லை. ஃபிரிட்ஜ் கதவின் றப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துவிட்டாள், கதவு ஒட்டிக்கொண்டது. அதோடு அவள் புகழ் அடுத்த ஒழுங்கைக்கும் பரவிவிட்டது.

அவள் உண்மையில் செய்தது இதைவிடச் சிக்கலான காரியம். களனிப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் கண்ணாடித் துண்டுகளின் மேல் படலம் வளர்த்தாள். வளர்ப்பது என்றுதான் அந்தத் தொழிலில் சொல்கிறார்கள், சொல்லும் சரியானதுதான். கலியாண வீட்டுச் சோற்றுக் கிடாரம் அளவில் ஒரு உருக்குக் கூடு. அதற்குள் இருக்கும் காற்றையெல்லாம் பம்பியால் உறிஞ்சி எடுக்கவேண்டும். பிறகு துளி ஆகன் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால், வாயு ஊதா நிறத்தில் ஒளிரும். அந்த ஒளிக்குள் ஒரு தட்டிலிருந்து அணுக்கள் தெறித்துக் கிளம்பி, எதிரே இருக்கும் கண்ணாடியில் மெல்ல மெல்லப் படியும். படிந்து முடிந்த பிறகு பார்த்தால் வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்றுமே தெரியாத ஒன்றுக்காக ஒருத்தி ஒரு கிழமை மினக்கெடுவாளா என்று நீங்கள் கேட்கலாம். றேணுகா மினக்கெட்டாள்.

எதற்கு என்பதையும் சொல்லிவிடவேண்டும். கொம்பியூட்டர் தன் கணக்கையெல்லாம் இலத்திரனின் மின்னேற்றத்தை வைத்துத்தான் போடுகிறது. ஆனால் ஒவ்வொரு இலத்திரனும் சுழற்சி என்ற ஒரு குணத்தால் தானே ஒரு குட்டிக் காந்தம் போலவும் இருக்கிறது. அந்தக் காந்தத்தைக் கொண்டு கணக்குப் போட்டால் மின்சாரமும் மிச்சம், சூடும் குறைவு. அதற்கு, கொம்பியூட்டர்ச் சில்லுப் போல மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி விடுகிற, அதேநேரம் காந்தமாகவும் நிற்கிற ஒரு படலம் வேண்டும். அதுவும் உறைகுளிரில் மட்டுமல்ல, சாதாரண அறை வெப்பத்திலும் நிற்கவேண்டும். கொழும்பில் அறை வெப்பம் என்றால் சும்மாவா! நாகம் என்கிற துத்தநாகத்தின் ஒட்சைட்டில் சிட்டிகை மங்கனீசு சேர்த்தால் அப்படியொரு படலம் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. உலகத்தில் பலர் தேடிக் களைத்துப்போன இடத்தில்தான் இவளும் தேடினாள்.

அந்தத் தேடலில் அவளுக்கு முதல் எதிரி கொழும்புக் காற்று. கடலிலிருந்து வரும் ஈரம் கூட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டால், பிறகு எத்தனை பம்பி வைத்து உறிஞ்சினாலும் அது லேசில் போகாது. ஆகவே மழை நாளில் றேணுகா கூட்டின் கதவைத் தொடவே மாட்டாள். நனைந்த குடையோடு யார் அறைக்குள் வந்தாலும், அவர் பேராசிரியராகவே இருந்தாலும், வாசலிலேயே மறித்துவிடுவாள். ஒரு தூசி இரும்பு பட்டாலும் பொய்க் காந்தம் காட்டும் என்பதால் இரும்பு இடுக்கியை உள்ளே விடமாட்டாள், எல்லாம் பிளாஸ்ரிக். ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர் கலாநிதி நப்ரீஸ் தெஹிவளைக்காரர், நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். "றேணுகாட அறைக்குள்ள போறதுக்கு விசா எடுக்கணும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அவர் சிரிக்கும் இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. படலம் வளர்த்த துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும்போது ஒரு வெறும் கண்ணாடித் துண்டையும் கூட வைப்பாள். அதே தகட்டிலிருந்து வெட்டி, அதே மாதிரிக் கழுவி, அதே இடுக்கியால் எடுத்தது. படலம் மட்டும் அதில் இராது.

"இது எதுக்கு, துணைக்கா?" என்று நப்ரீஸ் கேட்பார்.

"சாட்சிக்கு சேர்" என்பாள் றேணுகா. "நாங்க ஒண்டும் செய்யாத துண்டில என்ன தெரியுது எண்டும் பாக்கத்தானே வேணும்?"

அவ்வளவு மெல்லிய காந்தத்தை அளக்கும் கருவி அவர்களிடம் கிடையாது. துண்டுகளைச் சிங்கப்பூரில் இருந்த ஒரு ஆய்வுக்குழுவுக்கு அனுப்புவார்கள், அங்கே அளந்து சொல்வார்கள். அந்த உறவை நம்பித்தான் இங்கே எல்லாமே ஓடியது. ஆகன் வாயு, பம்பி திருத்தும் செலவு, றேணுகாவின் வேலை எல்லாம் அதில்தான் தொங்கின. அந்த வருடம் முடிவதற்குள் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது வராவிட்டால், சிங்கப்பூர் கைவிட்டுவிடும். கூட்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு றேணுகா வேறு வேலை தேடவேண்டியதுதான். அவளுக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் அந்த ஊதா ஒளி வேறெங்கும் கிடைக்காது.

வீட்டில் அவளும் அம்மா பிறிஜெற்றும் மட்டும்தான். அப்பா சவுந்தரநாயகம் இறந்து மூன்று வருடம். துறைமுக வேர்க்‌ஷொப்பில் இரும்பு அராவியும் உராய்ந்தும் உழைத்த மனிதர். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் மந்தமாகி, தன் குரல் எவ்வளவு பெரிது என்பது அவருக்கே தெரியாமல் போய்விட்டது. அவர் வீட்டில் இரகசியம் சொன்னால் சந்தியில் கேட்கும். பூசையில் பாட்டுக்குழுவுக்கு ஒரு வரி முன்னால் பாடுவார், குழு ஓடிவந்து அவரைப் பிடிக்கவேண்டும். கலியாண வீடுகளில் அவர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர் கதைப்பதை நிறுத்திவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அவர் போன பிறகு அந்த வீட்டின் அமைதி பொறுக்கமுடியாததாக இருந்தது.

சிங்கப்பூருக்குப் போகவேண்டிய அந்த வருடத்தின் கடைசிப் பெட்டியை, வழக்கத்துக்கு மாறாக, றேணுகா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கூரியர் கந்தோர் கொட்டாஞ்சேனையிலேயே இருந்ததால் காலையில் கொடுப்பது சுலபம். விடிந்தது செவ்வாய்க்கிழமை. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்க வீடென்றால் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலின் புனித அந்தோனியாருக்கு உரியது. சோதனைக்குப் போகிற பிள்ளையின் பேனையோ, வெளிநாடு போகிறவனின் பாஸ்போட்டோ, புது ஓட்டோவின் திறப்புச் சாவியோ, எதுவானாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

"அந்தப் பெட்டிய ஒருக்காத் தா மகள்" என்றாள் பிறிஜெற். "அந்தோனியாரிட்ட வச்சுக் கும்பிட்டுட்டு, நானே கூரியர்ல குடுத்திட்டு வாறன்."

"மூடியைத் திறக்காதீங்க அம்மா."

"நான் ஏன் திறக்கிறன்?" என்றாள் அம்மா, சற்றுக் கோபமாகவே. றேணுகா சிரித்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சிங்கப்பூரிலிருந்து பதில் வந்த அன்று நப்ரீஸ் படியேறி ஓடிவந்தார். குடை நனைந்திருந்தது, அதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. அளந்த படலம் அத்தனையிலும் காந்தம்! அதுவும் அறை வெப்பத்தில்! அடுத்த நாள் அவருடைய மனைவி லுத்பியா இனிப்புக்கென்று ஒரு பெரிய தட்டு வட்டிலப்பம் கொடுத்துவிட்டிருந்தார். சிங்கப்பூர்க்காரர் இதை ஒரு பெரிய மாநாட்டில் சேர்ந்து அறிவிப்போம் என்றார்கள், நப்ரீஸ் பேசுவதாக ஏற்பாடு. றேணுகா அன்று சந்தோஷத்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, துறைமுகம் வரை பஸ்ஸில் போய்த் திரும்பி நடந்து வந்தாள்.

ஆனால் வட்டிலப்பம் முடிந்த பிறகு அவள் வரைபுகளை ஆற அமரப் பார்த்தாள். மங்கனீசு கூடிய படலத்திலும் குறைந்த படலத்திலும் காந்தம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. கூட்டினால் கூடவேண்டாமா? சீனி போடாத தேத்தண்ணியும் போட்ட தேத்தண்ணியும் ஒரே இனிப்பாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். பிறகு வெறும் கண்ணாடியின் வரைபைத் தேடினாள், அது இல்லை. கருவியின் நேரம் அருமையானது, வெறும் துண்டை அவர்கள் அளக்கவேயில்லை.

"அதையும் அளக்கச் சொல்லுவம் சேர்."

நப்ரீஸுக்கு முகம் மாறிவிட்டது. "அது வெறும் கண்ணாடி றேணுகா. சும்மா கிடக்கிறதத் தோண்டாதீங்க. இந்த நேரத்தில அவங்களப் போய்க் கரைச்சல் படுத்தணுமா?"

"நீங்க மேடையில நிக்கேக்க ஆராவது எழும்பி அதைக் கேட்டா?"

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு அவள் சிங்கப்பூருக்கு எழுதினாள்.

பதில் அவள் பேருக்கு மட்டும் வந்தது. வெறும் கண்ணாடியிலும் அதே காந்தம், அதே அளவு. அப்படியென்றால் காந்தம் படலத்தில் இல்லை. எங்கிருந்தோ வந்த இரும்பு அழுக்கு எல்லாத் துண்டிலும் ஒரேமாதிரிப் பட்டிருக்கிறது. அந்த வரைபைக் கண்டவர்கள் அங்கே ஒருவர், இங்கே அவள். அங்குள்ளவருக்கு அதன் பொருள் உறைத்ததாகத் தெரியவில்லை. பேசாமல் இருந்தால் மாநாடு நடக்கும், வருடம் நீளும், ஊதா ஒளியும் அவளுக்கே இருக்கும். அப்படி ஒரு நினைப்பு வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை, யாருக்கும் வரும். அவள் எழும்பிப் போய் நப்ரீஸின் கதவைத் தட்டினாள். அந்த எழும்பலுக்காகத்தான் இந்தக் கதையையே சொல்ல வந்தேன்.

நப்ரீஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எல்லாத்திலயுமா?"

"எல்லாத்திலயும் சேர்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "மாநாட்டுக்காரருக்கு நானே எழுதுறேன், பேச்சு இல்லையெண்டு" என்றார். "ஆனா இந்த இரும்பு எங்க இருந்து வந்திச்செண்டு எனக்குத் தெரிஞ்சாகணும்."

இருவரும் தேடினார்கள். இடுக்கி, கண்ணாடி வெட்டும் ஊசி, கழுவிய தண்ணீர், கூட்டின் உள்சுவர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் சிங்கப்பூரிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. துண்டுகளோடு ஒரு சின்னப் பிளாஸ்ரிக் உறையும் இருந்தது. துண்டுகளை மூடிய பஞ்சுக்கு அடியில் கிடந்ததாம், பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறார்களாம். உறைக்குள் ஒரு அந்தோனியார் மெடல்.

விளிம்பில் ஒரு மூலை நெளிந்திருந்த அந்த மெடலை றேணுகா இருட்டிலும் அடையாளம் காண்பாள். அது அப்பாவின் கழுத்தில் கிடந்தது. அவர் போன பிறகு அம்மா தன் கழுத்தில் போட்டிருந்தாள். சில கிழமைகளாக அம்மாவின் கை சும்மா சும்மா வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்ததன் காரணம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒரு காந்தத்தை மெடலுக்குக் கிட்டே கொண்டுபோனாள். மெடல் அசையவில்லை. அது மலிவான அலுமினியம், காந்தத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அவள் குழம்பிப்போய் அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். அந்தோனியாரின் அங்கியின் மடிப்புகளிலும், கையிலிருந்த பாலனின் முகத்தைச் சுற்றியும், எழுத்துகளின் பள்ளங்களிலும் கறுப்பாக ஏதோ அடைந்திருந்தது. ஊசிமுனையால் கொஞ்சம் சுரண்டிக் கடதாசியில் தட்டி, கடதாசிக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினாள். கறுப்புத் தூள் எழுந்து நின்றது, காந்தம் போன பக்கமெல்லாம் கூடவே போனது.

இரும்புத் தூள். துறைமுக வேர்க்‌ஷொப்பின் இரும்புத் தூள், அப்பாவின் வியர்வையில் குழைந்து, வருடக்கணக்காக அந்தப் பள்ளங்களில் இறுகியது. வழிநெடுகக் குலுங்கிக் குலுங்கித் துண்டுகளின் மேல் உதிர்ந்திருக்கிறது. அப்பாவின் சேர்ட் கொலர் கறுப்பு ஒருநாளும் போவதில்லை என்று அம்மா சவர்க்காரத்தோடு மல்லுக்கட்டியது றேணுகாவுக்கு நினைவு வந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

நப்ரீஸிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அம்மாவைப் பற்றி யாரும் சிரித்துவிடக்கூடாதே என்று பயந்து பயந்து சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "உங்களுக்கு ஒண்டு சொல்லணும்" என்றார். "அதுக்கு முந்தின பெட்டிய நானும் ஊட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கட உம்மா குர்ஆன் ஓதி ஊதித்தான் தந்தாங்க. நல்லகாலம், மூச்சில இரும்பு இல்ல."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவர், "அதக் கழுவிடாதீங்க" என்றார் மெதுவாக. "அப்பிடியே உங்கட உம்மாட்டக் குடுங்க."

ஆனால் அவளால் உடனே கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் அம்மா கேட்பாள், கேட்டால் சொல்லவேண்டும். மெடல் மேசை லாச்சிக்குள் இருந்தது. அவள் புதிதாகக் கண்ணாடி வெட்டினாள், கழுவினாள், மழை விட்ட பின்னேரங்களாகப் பார்த்துக் கூட்டைத் திறந்து மூடினாள். புதுத் துண்டுகளை ஆய்வுகூடத்திலேயே அடைத்து முத்திரையிட்டாள், வெறும் கண்ணாடியும் வழக்கம்போல் உள்ளே போனது. சிங்கப்பூருக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தாள். அவர்கள் இந்தமுறை அளப்பார்களா என்பதே நிச்சயமில்லை. அடுத்த செவ்வாயும் பிறிஜெற் பெட்டி எங்கே என்று கண்ணால் தேடினாள். வாய்திறந்து கேட்கவில்லை. வெறுங்கையோடு கொச்சிக்கடைக்குப் போய்வந்தாள்.

பதில் வந்தபோது றேணுகா முதலில் திறந்தது வெறும் கண்ணாடியின் வரைபைத்தான். காந்தத்தின் சாயலே இல்லை. படலங்களில் அநேகமானவையும் அப்படியே. மங்கனீசு மிகக்கூடிய ஒன்றில் மட்டும், முன்பு கண்டதில் நூறில் ஒரு பங்குகூட வராத ஒரு மெல்லிய வளைவு. திரும்பத் திரும்ப அளந்தும் அது மறையவில்லை என்று எழுதியிருந்தார்கள். இன்னும் ஒரு வருடம் சேர்ந்து பார்ப்போம், எங்களோடு வேலைசெய்யும் எல்லா ஆய்வுகூடங்களையும் இனி வெறும் கண்ணாடி ஒன்றும் அனுப்பச் சொல்லியிருக்கிறோம் என்றும் இருந்தது. நப்ரீஸ் அதை இரண்டு தரம் உரக்க வாசித்தார். வட்டிலப்பம் நாளைக்கு வரும் என்றார்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குள் போனபோது பிறிஜெற் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள். றேணுகா மெடலை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். கத்தி அப்படியே நின்றது.

"நீ கண்டிட்டியா? திறக்காத எண்டு சொன்னனி. பெரிய வேலை, பிள்ளை தனிய நிண்டு கஸ்ரப்படுது, அவரும் கூடப் போகட்டும் எண்டுதான் வச்சனான்."

றேணுகா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் வந்த காந்தம், வெறும் கண்ணாடி, மெடலின் பள்ளத்துக் கறுப்பு எல்லாம். அம்மாவின் முகம் வாடிக்கொண்டே போனது.

"நான் உன்ட வேலையக் கெடுத்துப்போட்டனா மகள்?"

"இல்லையம்மா. வேலை இருக்கு. இன்னும் ஒரு வருசம் தந்திருக்கினம்."

"கழுவியாவது வச்சிருக்கலாம். அவர்ட வேர்வை போயிடும் எண்டு நான் கழுவவேயில்ல." பிறிஜெற் மெடலைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப, அந்த ஊர் மெஷின்ல முதல்ல தெரிஞ்சது... அவரா?"

"ஓம் அம்மா. அப்பாதான்."

"நல்லாத் தெரிஞ்சாரா?"

"நல்லா. அவர் இருந்ததில எங்கட படலம் ஒண்டுமே தெரியேல்ல. அவரை எடுத்த பிறகுதான் அது இருக்கிறதே தெரிஞ்சுது."

பிறிஜெற்றுக்குக் கண் நிறைந்துவிட்டது, வாய் மட்டும் சிரித்தது. மெடலைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு போஞ்சியைத் திரும்ப எடுத்தாள்.

"அந்த மனுசன் இருக்கிற இடத்தில வேற ஆர்ட சத்தம் கேட்டது மகள்?" என்றாள்.